சாலை காகிதத்தில் இருக்கும்போதே போய்ப் பேசுங்கள்: சைக்கிள் ஓட்டுபவர்கள் நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்க வேண்டியவை

கேள்வி: எங்கள் ஊர் வழியாகப் போகும் மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் மில் வேலைக்குப் போகிறவர்களும் அந்தச் சாலையில்தான் சைக்கிளில் போகிறார்கள். சைக்கிள் ஓட்டும் நாங்கள் சிலர் சேர்ந்து ‘பாதுகாப்பான சாலை வேண்டும்’ என்று மனு கொடுத்தோம். ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்தது. இனி யாரிடம் போய் என்ன கேட்பது?

பதில்: அப்படி ஒரு மனுவுக்கு எந்தப் பொறியாளராலும் வேறு பதில் எழுத முடியாது. அவர் மேசைக்கு வரும் எதுவும் மதிப்பீட்டில் ஒரு வரியாக மாறினால்தான் வேலையாகும். எந்தக் கிலோமீட்டரில், இடப்பக்கமா வலப்பக்கமா, எத்தனை மீட்டர் நீளம், என்ன பொருள் என்பதெல்லாம் அந்த வரியில் இருக்க வேண்டும். அந்த வரியை எழுதுவதற்கு வேண்டியதை நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். அதையும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். டெண்டர் முடிந்த பிறகு ஒரு வடிகால் மூடியை மாற்றச் சொன்னால்கூட அது கூடுதல் செலவு, திருத்திய மதிப்பீடு, மேலதிகாரி ஒப்புதல் என்று இழுக்கும். மாற்ற மனமிருக்கும் பொறியாளரும் அதற்குத் தயங்குவார்.

முதலில் சாலை யாருடையது என்று உறுதி செய்யுங்கள். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை மூன்றும் தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையிடம்தான் இருக்கின்றன. அங்கே உங்களுக்கு முதலில் வேண்டியவர் உதவிப் பொறியாளர். அவருக்கு மேல் உதவிக் கோட்டப் பொறியாளர், அடுத்து கோட்டப் பொறியாளர், அதற்கும் மேல் கண்காணிப்புப் பொறியாளர். கோடு போடுவது, பலகை வைப்பது, புருவத்தில், அதாவது தார்ச் சாலையை ஒட்டிய ஓரப் பட்டையில், கிராவல் நிரப்புவது போன்றவை கீழ்மட்டத்திலேயே முடியும். சந்திப்பின் வடிவத்தை மாற்றுவது, மீடியனில் (சாலை நடுத்தடுப்பில்) திறப்பு விடுவது போன்றவற்றுக்குக் கோட்டப் பொறியாளராவது வேண்டும். எடுத்த எடுப்பில் சென்னைக்கு எழுதினால் கடிதம் அடுக்கடுக்காக இறங்கி அதே உதவிப் பொறியாளரிடம்தான் வந்து நிற்கும், கூடவே கொஞ்சம் மனக்கசப்போடு.

ஊருக்குள் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தாலும் தெருவிளக்கு பேரூராட்சி அல்லது நகராட்சியுடையது, கம்பம் மின்வாரியத்துடையது, வேகக் கட்டுப்பாட்டைச் செயல்படுத்துவது காவல் துறை. இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. அதனால் கோட்டப் பொறியாளருக்கு எழுதும் கடிதத்தின் நகலை ஆட்சியருக்கும் அனுப்பி, குழுவின் அடுத்த கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். கிராமப் பகுதி என்றால் கிராமசபைத் தீர்மானத்தின் நகலையும் இணையுங்கள். தீர்மானம் இணைந்த கோரிக்கையைப் பத்துப் பேரின் விருப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அடுத்தது ஆவணங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பம் போடுங்கள். ‘ஏன் சைக்கிளுக்கு இடம் விடவில்லை?’ என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அலுவலகத்தில் ஆவணம் இருக்காது, ஆவணம் இல்லாததைக் கொடுக்க வேண்டிய கடமையும் இல்லை. இருக்கும் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: விரிவான திட்ட அறிக்கை, குறுக்குவெட்டுத் தோற்றம், சந்திப்புகளின் வரைபடம், வேலை அளவுப் பட்டியல், போக்குவரத்துக் கணக்கெடுப்பின் மூலப் படிவம், சாலைப் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கை, அந்த அறிக்கைக்குத் துறை எழுதிய பதில். வரைபடங்கள் பெரிய தாளில் இருக்கும், நகலெடுத்தால் எழுத்து படிக்க வராது. அதனால் அதே விண்ணப்பத்தில், பிரிவு 2(ஜே) கீழ் நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அலுவலகம் மாறிப் போட்டுவிட்டால் கவலை வேண்டாம். பிரிவு 6(3)-ன்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

கணக்கெடுப்புப் படிவத்தை நன்றாகப் பாருங்கள். சைக்கிள்களை எண்ணியிருப்பார்கள். ஆனால் ஒரு சைக்கிளைப் பாதிக் காராக, அதாவது 0.5 என்று மாற்றி மொத்தத்தில் கூட்டிவிடுவார்கள். இருநூறு சைக்கிள் போனால் அறிக்கையின் இறுதி அட்டவணையில் நூறு ‘கார் அலகு’ கூடியிருக்கும். சாலையை அகலமாக்குவதற்கு அந்த எண் உதவும். அகலமான சாலையில் அந்த இருநூறு பேர் எந்த இடத்தில் போவார்கள் என்ற கேள்வி மட்டும் அட்டவணையோடு மறைந்துவிடும். மூலப் படிவத்தில் இருக்கும் எண்ணை எடுத்து உங்கள் கடிதத்தின் முதல் பத்தியில் வையுங்கள். துறை தானே எண்ணிய எண்ணை மறுக்க முடியாது.

அதோடு நீங்களும் எண்ண வேண்டும். காலை 7 முதல் 9.30, மாலை 4 முதல் 6.30, மில் ஷிப்ட் மாறும் நேரம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி. கட்டங்கள்: பள்ளிச் சீருடை, பெண்கள், பின்னால் சுமை, எதிர்த்திசையில் வருபவர்கள். கடைசிக் கட்டம்தான் அதிகம் பயன்படும். எதிர்த்திசையில் வருகிறவரை ஒழுங்கற்றவர் என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஒரே இடத்தில் காலை முழுவதும் பலர் எதிர்த்திசையில் வருகிறார்கள் என்றால், முறைப்படி போக அவர்களுக்கு எவ்வளவு சுற்று என்று மீடியன் திறப்புகளுக்கிடையே அளந்து பாருங்கள். அறுநூறு மீட்டர் போய்த் திரும்பி அறுநூறு மீட்டர் வர வேண்டியிருந்தால், மிதித்து வருகிற யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

இன்னொரு கணக்கு பள்ளியில் கிடைக்கும். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் தருகிறார்கள். எத்தனை கொடுத்தார்கள் என்பது தலைமையாசிரியரிடம் பதிவேட்டில் இருக்கிறது. ஒரு வேலைநாள் காலை சைக்கிள் நிறுத்தத்தில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில் ஒரு பகுதி தூரத்தால், ஒரு பகுதி பயத்தால். வராத பிள்ளைகளின் வீட்டில் கேட்டால் எந்த இடத்துக்குப் பயப்படுகிறார்கள் என்று கிலோமீட்டர் கல் அளவுக்குத் துல்லியமாகச் சொல்வார்கள். அரசே சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அரசின் சாலையில் அதை ஓட்ட முடியவில்லை என்பதைக் காட்டும் இந்த எண், ஆட்சியர் கூட்டத்தில் மற்ற எந்த எண்ணையும்விட நன்றாகக் கேட்கப்படும்.

விபத்துக் கணக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒன்றிய அமைச்சகத்தின் வரையறைப்படி ‘கரும்புள்ளி’ என்றால், தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள். சைக்கிள்காரர்கள் அடிபடுவது ஒரே இடத்தில் குவியாமல் சாலை நெடுக சிதறிக் கிடக்கும். சறுக்கி விழுந்து கை ஒடிந்தவர் காவல் நிலையத்துக்குப் போவதே இல்லை. ‘இங்கே கரும்புள்ளி இல்லையே’ என்ற பதில் வரும் என்று எதிர்பார்த்து, எண்ணிக்கையோடும் அளவுகளோடும் போங்கள்.

இப்போது என்ன கேட்பது என்பதற்கு வருகிறேன். பெரும்பாலான குழுக்கள் முதலில் கேட்பது பச்சை பெயின்ட் அடித்த தனிச் சைக்கிள் பாதை. சாலையோரத்தில் கோடு மட்டும் போட்ட பாதை கடைகள் உள்ள இடத்தில் ஒரு வாரத்தில் வண்டி நிறுத்துமிடமாகிவிடும். தடுப்புக் கட்டை வைத்தாலும் சைக்கிள் நுழையும் இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழையும். டெல்லியில் 2008-ல் தொடங்கிய பேருந்துத் தடத்தோடு நல்ல அகலத்தில் சைக்கிள் பாதையும் கட்டினார்கள். அதில் இருசக்கர வாகனங்கள் புகுந்ததுதான் ஓயாத புகாராக இருந்தது. 2016-ல் அந்தத் தடத்தையே பிரித்தெடுத்துவிட்டார்கள். உயர்த்திக் கட்டி, நிழலோடு, சந்திப்புகளில் தொடர்ச்சி அறாமல், ஒருவரை ஒருவர் முந்த ஒருவழிக்கு 2 மீட்டர், இருவழிக்கு 3 மீட்டர் தடையில்லா அகலத்தோடு தர முடிந்தால் தனிப் பாதை அருமையான விஷயம். புறவழிச்சாலையிலும் வளாகங்களை ஒட்டிய நீண்ட நேர் சாலையிலும் அதைக் கேளுங்கள். கடைவீதி வழியாகப் போகும் இருவழிச் சாலையில் நான் அதை முதல் கோரிக்கையாக வைக்க மாட்டேன். அங்கே முதலில் சாலையின் ஓரம், பிறகு சந்திப்பு, பிறகு வேகம்.

ஓரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அகலப்படுத்தும் திட்டங்களில் ‘கடினப் புருவங்களுடன் கூடிய இருவழித்தடம்’ என்று ஒரு வகை வரும். 7 மீட்டர் ஓடுதளம், இருபுறமும் தலா 1.5 மீட்டர் தார் போட்ட புருவம், ஆக 10 மீட்டர் என்பது பழக்கமான அமைப்பு. அந்த ஒன்றரை மீட்டர்தான் சைக்கிள்காரரின் இடம். அதைக் கெடுப்பவை நான்கு. முதலாவது சிறுபாலம்: சாலையை அகலமாக்கிவிட்டுப் பழைய கைப்பிடிச் சுவரை அப்படியே விடுவார்கள். அந்த ஆறேழு மீட்டரில் புருவம் காணாமல் போய், சைக்கிள் சட்டென்று லாரியின் பாதைக்குள் ஒதுங்க வேண்டிவரும். வேலை அளவுப் பட்டியலில் ஒவ்வொரு சிறுபாலத்துக்கும் எதிரே ‘விரிவாக்கம்’ என்று இருக்கிறதா, எத்தனை மீட்டருக்கு என்று பாருங்கள்.

இரண்டாவது மின்கம்பம். கம்பத்தை நகர்த்த மின்வாரியத்துக்குப் பணம் கட்டி, அவர்கள் வந்து மாற்றுவதற்குள் தார் போடும் நாள் வந்துவிடும். கம்பத்தைச் சுற்றியே தார் போட்டுவிட்டுப் போவார்கள். இரவில் கறுப்புத் தாரில் சாம்பல் கம்பம் தெரியாது. கம்பம் மாற்றும் மதிப்பீடு எப்போது போனது, பணம் எப்போது கட்டப்பட்டது என்பதை டெண்டருக்கு முன்பே கேளுங்கள்.

மூன்றாவது விளிம்புப் பள்ளம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் சாலை உயரும், மண் புருவம் அதே உயரத்தில் நிற்கும். பஸ் ஹாரனுக்கு ஒதுங்கிய சைக்கிளின் முன்சக்கரம் எட்டுப் பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கினால், திரும்ப ஏற்றும்போது விளிம்பில் உரசி ஆள் சாலைக்குள்தான் விழுவார். அந்த விபத்தில் பஸ்காரர் மேல் வழக்கு வரும், விளிம்பைப் பற்றி ஒரு வரி இருக்காது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். கிராவல் நிரப்பி உருளை ஓட்டி, தாரின் விளிம்பும் புருவமும் ஒரே மட்டமாக முடிய வேண்டும் என்று கேளுங்கள். மழைக்குப் பிறகு அது மீண்டும் அரிக்கும், ஆகவே பராமரிப்பிலும் அந்த வரி வேண்டும்.

நான்காவது வடிகால் மூடி. கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே ஓடினால் சைக்கிள் டயர் உள்ளே இறங்கிவிடும். மெல்லிய டயர் 25 மில்லிமீட்டர் அளவுதான், பிள்ளைகளின் சாதாரண சைக்கிள் டயரும் நாற்பதுக்குள். கம்பிகள் குறுக்காகவோ சாய்வாகவோ இருக்க வேண்டும், மூடி தாரோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அளவுநாடாவை மூடியின் மேல் வைத்து, பின்னால் கிலோமீட்டர் கல் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அந்தப் படத்துக்கு விளக்கம் எழுத வேண்டியதே இல்லை.

சந்திப்பில் முதல் கேள்வி முனையின் வளைவு. வளைவின் ஆரம் 15 மீட்டர் இருந்தால் கார் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில் அப்படியே இடப்பக்கம் திரும்பிவிடும். 6 மீட்டராக்கினால் 15, 16-க்கு இறங்கும். நேராகப் போகிற சைக்கிளை இடதுபுறம் திரும்பும் வண்டி அணைத்து அடிப்பது இந்த வேகத்தில்தான். ‘பஸ் திரும்ப வேண்டுமே’ என்பார்கள், அது நியாயமான பதில். முனையை இறுக்கமாக வைத்து, பெரிய வண்டியின் பின்சக்கரம் மட்டும் ஏறிப்போகும்படி கரடுமுரடான கல் பதித்த தாழ்வான ஏப்ரன் கேளுங்கள். ‘ஃப்ரீ லெஃப்ட்’ தனிவழி வரைபடத்தில் இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் அதன் குறுக்கே உயர்த்திய கடப்பு கேளுங்கள்.

மீடியன் வைக்கும்போது தடத்தின் அகலத்தையும் பாருங்கள். மீடியனுக்கும் ஓரக் கல்லுக்கும் நடுவே 3.2 முதல் 3.9 மீட்டர் என்ற அகலம் சைக்கிளுக்கு மோசமானது என்று பிரிட்டனின் 2020 வடிவமைப்பு வழிகாட்டி சொல்கிறது. காரணம் எளிது: காரோட்டிக்கு முந்திவிடலாம் என்று தோன்றும், பாதுகாப்பாக முந்த இடம் போதாது. மீடியன் வருவது உறுதி என்றால், பள்ளி, கோவில், ரேஷன் கடை எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கும் அளவுக்கு மட்டும் திறப்பும், அதன் நடுவே நின்றுகொள்ள இடமும் கேளுங்கள். ஒரு சைக்கிளின் நீளம் 1.8 மீட்டர், நிற்கும் இடம் அதற்குக் குறைந்தால் பின்சக்கரம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும்.

வேகத்தை நீங்களே அளக்கலாம். சாலையோரம் சரியாக 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். செல்போனில் வீடியோ எடுத்து, ஒரு வண்டி அதைக் கடக்க எத்தனை நொடி என்று பாருங்கள். 180-ஐ அந்த நொடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 3 நொடி என்றால் 60, 3.6 நொடி என்றால் 50. தடையில்லாமல் ஓடும் நூறு வண்டிகளை அளந்து, குறைந்த வேகத்திலிருந்து வரிசைப்படுத்தினால் எண்பத்தைந்தாவது எண்ணைத்தான் பொறியாளர்கள் கேட்பார்கள். 50-ல் மோதும் ஆற்றல் 30-ல் மோதுவதைப்போல 2.8 மடங்கு. வேகத்தடை கேட்டால் இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) தர ஆவணமான ஐ.ஆர்.சி. 99 சொல்லும் வடிவத்தில் கேளுங்கள்: 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், வட்ட வில் வளைவு. ஊர்க்காரர்கள் வற்புறுத்திப் போட வைக்கும் ஒன்றரை அடி நீளக் குட்டை மேடு சைக்கிளைத்தான் தூக்கிப்போடும், எஸ்யூவி கவலையில்லாமல் தாண்டும். பின்னால் கேஸ் சிலிண்டர் கட்டிக்கொண்டு வருபவரை நினைத்துப் பாருங்கள்.

விதிகளைப் பற்றி. சைக்கிள் பாதைக்கு ஐ.ஆர்.சி. 11 (2015), நடப்பவர்களுக்கு ஐ.ஆர்.சி. 103, வேகம் குறைக்க ஐ.ஆர்.சி. 99 (2018), தணிக்கைக்கு ஐ.ஆர்.சி. எஸ்.பி. 88 (2019). கடிதத்தில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே உரிய எண்ணைப் போடுங்கள். வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் மீது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ சொல்கிறது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. அதே வழக்கில் 2025 அக்டோபரில், தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்புத் தரத்துக்கு 210டி பிரிவிலும், மோட்டார் இல்லாத வாகனங்களுக்கும் நடப்பவர்களுக்கும் 138(1ஏ) பிரிவிலும் ஆறு மாதத்துக்குள் விதி வகுக்க மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இவற்றை முதல் கடிதத்தில் மிரட்டலாக வைக்காதீர்கள். முறையாகக் கேட்டு மறுக்கப்பட்ட இரண்டாவது, மூன்றாவது கடிதத்தில் வையுங்கள்.

கூட்டத்துக்கு யார் போவது என்பதில் நிறையக் குழுக்கள் சறுக்குகின்றன. ஹெல்மெட், ஜெர்சியோடு ஐந்து பேர் போய் உட்கார்ந்தால், ஞாயிறு காலை ஐந்து மணிக்கு உடற்பயிற்சிக்கு ஓட்டுகிறவர்கள் என்று அதிகாரி முடிவு செய்துவிடுவார். மில் தொழிலாளி ஒருவர், பள்ளித் தலைமையாசிரியர், பிள்ளையை அனுப்பும் ஒரு தாய், உங்களில் ஒருவர் என்று போங்கள். பேச்சை அலுவலகத்தோடு முடிக்காமல், ‘சார், ஒரு நாள் காலை எட்டரைக்குப் பள்ளி எதிரே வந்து பாருங்கள்’ என்று கூட்டாய்வுக்கு அழையுங்கள். அளவுநாடா, சுண்ணாம்பு, வரைபட நகல் கையில் இருக்கட்டும். 200 மீட்டர் கற்களை வைத்து ஒவ்வொரு இடத்தையும் ‘கி.மீ. 12/400, இடப்பக்கம்’ என்று குறியுங்கள். அன்று மாலையே, பேசி ஒப்புக்கொண்டவற்றை ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். அதிகாரி மாற்றலாகிப் போவார், கோப்பில் அந்தக் கடிதம் இருக்கும். சமூக ஊடகத்தில் அவர் பெயரைப் போட்டு முதல் நாளே திட்டினால் அடுத்த கூட்டாய்வு நடக்காது.

அகலப்படுத்தும் திட்டம் ஏதோ காரணத்தால் தள்ளிப்போனால், மறுபடி தார் போடும் வேலை வரும்வரை காத்திருங்கள். கோடுகளை எப்படியும் புதிதாகத்தான் போடுவார்கள், தடத்தைச் சுருக்கி ஓரத்தை அகலமாக்கும்படி கோட்டை நகர்த்திப் போடுவதற்குக் கூடுதல் செலவு அனேகமாக இல்லை. தெர்மோபிளாஸ்டிக் கோடு நனைந்தால் வழுக்கும், ஆகவே சைக்கிள் திரும்பும் இடத்தில் பெரிய அம்பு, எழுத்து எதுவும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த பிறகு திறப்புக்கு முந்தைய தணிக்கையில் உங்களையும் உடன் வர அனுமதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதி வரை உடைந்த மூடி, அரித்த புருவம், அழிந்த கோடு எல்லாம் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டியவை. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் டிசம்பர் கடைசியில் ஒருமுறை சாலை முழுக்க மெதுவாக ஓட்டிப் பார்த்து, படத்தோடும் கிலோமீட்டர் எண்ணோடும் பட்டியல் கொடுங்கள். காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது கடைசிப் பட்டியலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.